மாப்பிள்ளையின் இடது கத்தி

காலில் கத்தி கட்டிக்கொண்டு பனித்தரையில் பறக்கிறவனை ஊரே பார்க்கும். அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவனை, அவன் வழுக்கி விழுந்த அன்றைக்கு மட்டும் பார்க்கும். மந்திரிக்குக் கார் ஓட்டியவர்கள், பாடகருக்கு மைக் கட்டியவர்கள், கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தவர்கள் எல்லாம் இதைப் படித்தால் சிரிக்கமாட்டீர்கள், தெரியும். நானும் உங்கள் வரிசையில் நின்றவன்தான். கனடாவில் ஒரு தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிக்குப் பதினாறு வருடம் கத்தி தீட்டிவிட்டு, இப்போது பெரம்பலூரில் குடியிருக்கிறேன்.

ஐஸ் பார்த்த அனுபவம்

அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலைப் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் முன்னால் ஏழு வருடம் நின்றேன். மனைவி மல்லிகாவுக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். போன ஊரில் ஹாக்கி அணிக்குக் கத்தி தீட்ட ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். இரும்பைத் தேய்க்கிற வேலைதானே, எந்த நாட்டு இரும்பாக இருந்தால் என்ன என்று போய் நின்றேன்.

அணியின் சாமான் அறைக்குப் பொறுப்பாளர் டக் என்ற பெரியவர். “ஸ்கேட்டிங் தெரியுமா?” என்றார். தெரியாது. “ஹாக்கி?” பள்ளிக்கூடத்தில், செம்மண் தரையில், கொஞ்சம். “ஐஸையாவது பார்த்திருக்கிறாயா?” கரும்புச்சாறு கடையில் மரத்தூள் போட்டு மூடி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறேன் என்றேன். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று எழுந்தேவிட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: “நாளைக்கே வந்துடு. ஆட்டம் தெரிஞ்சவனை வச்சா ஆட்டத்தைப் பார்க்கிறான். நீ கத்தியைப் பார்ப்ப.”

ஊரில் வைத்த பிளெக்ஸ்

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் என் ஊர். “ஹாக்கி டீமில் வேலை” என்று போனில் சொன்னதில், முதல் இரண்டு சொற்கள் வீட்டைத் தாண்டிப் போவதற்குள் கடைசிச் சொல் உதிர்ந்துவிட்டது. அந்தப் பொங்கலுக்குப் பையன்கள் பெரிய பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரனின் தோளுக்கு மேல் என் கல்யாண போட்டோத் தலை, கையில் மட்டை, கழுத்தில் மாலையின் மிச்சம். மறுக்கலாம்தான். நான் மறுக்கவில்லை, “நல்லா இருக்கு” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

பெரம்பலூர்ப் பக்கம் பாடாலூரில் இருக்கிற மச்சினன் குமாருக்கு மட்டும் சந்தேகம். செல்போனில் எங்கள் அணியின் ஆட்டம் ஒன்றை முழுசாக, பொறுமையாகப் பார்த்திருக்கிறான். மறுநாள் கூப்பிட்டான். “மச்சான், எல்லாரும் பறக்குறாங்க, நீங்க மட்டும் ஓரமா துண்டை வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டீங்களா?”

கோணலை நிமிர்த்தியது

இரண்டாம் வருடம் அவன் வந்தான். பத்தொன்பது வயசு. பெயர் வேண்டாம், எங்கள் வீட்டில் மல்லிகா அவனுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. அவன் முகம் சுண்டினால் பயிற்சியாளரிலிருந்து காவலாளி வரை “என்னாச்சு, என்னாச்சு” என்று ஓடுவார்கள். மறுவீட்டுக்கு வந்தவனைக்கூட அப்படித் தாங்கமாட்டார்கள்.

ஸ்கேட் என்பது கத்தி பதித்த பூட்ஸ். அந்தக் கத்தியின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். இரு பக்கமும் இரண்டு விளிம்பு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பாலபாடம். அவனுடைய வலது கத்தியில் உள்விளிம்பு ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தது. முன்னால் தீட்டியவன் கவனக்குறைவு என்று நினைத்து, சிமெண்டு ஆலை ஒழுங்கோடு மட்டம் வைத்துச் சமமாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு அரங்கம் நிறைந்த ஆட்டம். முதல் திருப்பத்திலேயே மாப்பிள்ளை தாளித்த கடுகு மாதிரி தெறித்துப் போய்ச் சுவரில் விழுந்தான்.

இடைவேளையில் ஸ்கேட்டைக் கழற்றி என் மேசையில் வைத்தான். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அது நானா வச்சுக்கிட்ட கோணல். என்னைக் கேட்காம என் கோணலை நிமிர்த்தாதே.”

நன்றி சொன்ன வரிசை

அதற்குப் பிறகு அவன் கத்தியை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. என் தங்கை கல்யாணத்துக்கு வரமுடியவில்லை. காய்ச்சலோடு போய்த் தீட்டியிருக்கிறேன். அவன் உச்சத்துக்குப் போனான். சிறுவர்கள் முதுகில் அவன் எண், ரொட்டி உறையில் அவன் முகம்.

கோப்பை ஜெயித்த அன்று டிவியில் நன்றி சொன்னான். நானும் மல்லிகாவும் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு நன்றி, முதல் பயிற்சியாளருக்கு நன்றி, பள்ளிக்கூட பஸ் டிரைவருக்கு நன்றி, நாய்க்கு நன்றி. விளம்பரம் வந்துவிட்டது. நான் ரிமோட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மல்லிகா முதுகில் தட்டினாள். “விடுங்க. நாய்க்கு அடுத்தது நீங்கதான், அதுக்குள்ள சோப்பு விளம்பரத்தைப் போட்டுட்டான்.”

கத்தி சொன்னது

மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று ஆயிற்று. அந்தப் பருவத்தில் ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்த கத்திகளின் மேல் நகத்தை இழுத்துப் பார்த்தேன். கூர் இருந்தால் நகம் லேசாகச் சீவிக்கொண்டு வரும். வலது வழக்கம்போல மழுங்கியிருந்தது. இடதோ காலையில் நான் கொடுத்த மாதிரியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அவன் இடது காலை ஊன்றுவதே இல்லை. வெளியே யாருக்கும் தெரியாதபடி வலது காலிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறான். டாக்டருக்குத் தெரியாது, பயிற்சியாளருக்குத் தெரியாது. பெரம்பலூர் மாவட்டத்து மருமகனுக்குத் தெரிந்துவிட்டது.

தனியாகக் கேட்டேன். இடுப்பு என்றான். சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள், இந்த வயசில் உட்கார்ந்தவன் எழுந்ததில்லை என்றான். டக் தினமும் காலையில், நான் தீட்டுவதற்கு முன்னால், எல்லாக் கத்திகளையும் தடவிப் பார்ப்பார். அவர் வருவதற்கு முன்னால் இடது கத்தியைக் கல்லில் தேய்த்து, வலதைப் போலவே மழுங்க வைக்க ஆரம்பித்தேன். கூராக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன் மழுங்கடித்தேன். இரக்கத்தில் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் கால்வாசி, ஒரு நட்சத்திரத்தின் ரகசியம் என் மேசையில் இருக்கிறதே என்ற பெருமை முக்கால்வாசி. ரகசியத்தைச் சொன்ன அன்று போகும்போது மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தான், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக. “கத்தி சொன்னது கத்தியோட இருக்கட்டும்.”

சொல்லாமல் விட்டது

அந்த ரகசியம் இரண்டு மாதம் இருந்தது. மூன்றாம் மாதம், யாரும் இடிக்காமல், பக்கத்தில் ஆளே இல்லாமல், ஒரு சாதாரணத் திருப்பத்தில் விழுந்தான். எழவில்லை. அத்தனை பெரிய அரங்கம் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. குமார் கேட்டானே, அதே மாதிரி ஓரத்தில் துண்டோடு நின்றேன்.

முதலிலேயே வந்திருந்தால் சரிசெய்து இன்னும் கொஞ்ச காலம் ஆடவைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். நம்ம ஊர் புத்தி. அறைக்குள் அவன் மட்டும்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீ சொல்லியிருந்தா உன் வேலையைக் காலி பண்ணியிருப்பேன். சொல்லாம விட்டியே, உன்னை என்ன பண்றது?”

பஸ் ஸ்டாண்டு எதிரில்

பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரஞ்சன்குடி கோட்டை ஏறுகிற ஒரு கூட்டம் உண்டு. அதில் எனக்கு “ஹாக்கி சார்” என்று பெயர். நான் திருத்தவில்லை, பிளெக்ஸில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வருடக்கணக்காகக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் நின்றதில் என் இடது முட்டி ஆறு மாதமாக முணுமுணுக்கிறது. மல்லிகா நர்ஸ், தெரிந்தால் அன்றைக்கே திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். ஹாக்கி சார் எப்படிக் கோட்டை வாசலில் உட்கார்ந்திருப்பது? அதனால் வலியை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் செருப்பு வார் அறுந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் குடையடியில் செருப்பு தைக்கிற ராசேந்திரன் அண்ணனிடம் கொடுத்தேன். மல்லிகா நாலு கடை தள்ளிச் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாரைப் பார்க்கவில்லை. இரண்டு செருப்பையும் கவிழ்த்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குதியில் கட்டைவிரலை ஓட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். வலது குதி தேய்ந்து தகடாகியிருந்தது; இடது கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

“எடது காலு ஊன முடியலீங்களா சார்?”

“அண்ணே, மெதுவா. வூட்ல தெரியாது.”

“எத்தினி நாளா?”

“ஆறு மாசம்.”

“அந்தப் பச்சப் பொடவதான் வூட்டுக்காரங்களா?”

எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அவர் குடைக்கு வெளியே தலையை நீட்டினார். “யம்மா! வெங்காயம் கெடக்குது, இங்க வாங்க! சாருக்கு எடது முட்டி போயிருக்கு, ஆறு மாசமா ஒங்ககிட்ட மறைக்கிறாரு!”

பதினான்கு வருடம் ஒரு நட்சத்திரத்தின் கத்தியைத் தீட்டியும் எனக்குப் பிடிபடாத பாதித் தொழிலை, அந்த மனிதர் என் செருப்பைக் கீழே வைப்பதற்குள் செய்து முடித்துவிட்டார்.