மாட்டுப் பொங்கலன்று வைத்த தீவனம்

எண்பதுகளில் என் தங்கையின் கணவர் பாகான் டாலாமில் நான்கு கறவை மாடுகள் வைத்திருந்தார். புல் வெட்டிய இடங்களிலெல்லாம் வீடுகள் வந்துவிட்டதால், வைக்கோலில் யூரியாவும் கரும்பாலைப் பாகும் கலந்து கொடுக்கத் தொடங்கினார். கால்நடை அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்த முறை அது. செடிக்குப் போடும் அதே வெள்ளைக் குருணை உரம்; எங்கள் பேச்சில் பாஜா.

"பாஜாவ மாட்டுக்குப் போடறியே தம்பி, நாளைக்குக் கொம்புல எலை விடும் பாரு" என்று பக்கத்து வீட்டு லோரிக்காரர் கேலி செய்வார். மாப்பிள்ளை சிரிக்கமாட்டார். பால் டின்னில் கோடு கீறி அளந்து, கட்டியில்லாமல் கலந்து, மாடு ஓரளவு புல் தின்ற பிறகுதான் வைப்பார். பசித்த மாட்டுக்கு அது விஷம் என்று அவருக்குத் தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று படையல் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை. மாடுகளுக்கும் அப்படித்தான் என்பது தங்கையின் பிடிவாதம். அந்த வருடம் பூசாரி வீடு வீடாகப் போய்விட்டு வந்து சேர நண்பகலாகிவிட்டது. தினமும் விலைக்கு வாங்கும் புல் கட்டும் வந்திருக்கவில்லை. தீபாராதனை முடிந்ததும் மாடுகள் கத்தின.

"பாவங்க, காலையிலேருந்து பட்டினி. கலந்து வெச்சிருக்கிறத வைங்க லா" என்றாள் தங்கை.

அவர் வாளியோடு நின்றார்.

"நல்ல நாளும் அதுவுமா கத்த விடுவாங்களா?"

வைத்தார்.

அந்த வீட்டின் பாதிப் பால் செவலைப் பசுவினுடையது. அது முட்டித் தள்ளிப் பக்கத்து மாட்டின் பங்கையும் தின்றது. சிறிது நேரத்தில் அதன் தோல் துடித்தது; வாயில் நுரை தள்ளியது; இடப்பக்க வயிறு உப்பி இறுகியது.

"வினிகர், மச்சான், வினிகர்!" என்று மாப்பிள்ளை கத்தினார். யூரியா விஷத்துக்கு அதுதான் முறிவு. நான் சீனர் கடைக்கு ஓடி, இருந்த புட்டிகளையெல்லாம் அள்ளி வந்தேன். மூங்கில் குழலில் ஊற்றியதில் பாதி வெளியே வழிந்தது. பசு கால்களை நீட்டி, ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. கழுத்தில் செவ்வந்தி மாலை அப்படியே கிடந்தது.

"சாமி குத்தமாங்க?" என்று தங்கை கேட்டாள்.

"சாமி என்னா செஞ்சிச்சு? வெறும் வயித்துல வெச்சது நானு" என்றார்.

மறுநாளிலிருந்து வழக்கமான வீடுகளில் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். "விஷமாம்லா அக்கா, வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்றாள் ஒருத்தி. அளவாகத் தின்ற மற்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. கறந்த பால் சாக்கடைக்குப் போனது.

அடுத்த மாதம் மூன்று மாடுகளையும் ஓர் இறைச்சித் தரகர் லோரியில் ஏற்றினார். அதற்கு முன்பே தங்கை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.