ஏழாம் முளையில் என் கயிறு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு இப்போது பேனாவை எடுக்கிறானே என்று யாராவது திட்டினால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறவில்லை.

பெங்களூரில் ஏரி இருக்கிறது, அதில் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் இங்கே வேலைக்கு வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் நீலசந்திராவிலிருந்து விடியும் முன்பே மொபெட்டில் கிளம்பி, ஒற்றை ஆள் பரிசலில் போய் வலை எடுத்து, எட்டு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடுவேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர். முன்பெல்லாம் பரிசலைக் கரையில் இழுத்துக் கவிழ்த்து வைத்தால் போதும். பிறகு ஏரியைச் சுற்றி வேலி வந்தது, நடைபாதை வந்தது. எங்களுக்குக் கிழக்கு கேட் பக்கம் ஒரு துண்டுக் கரையை விட்டு, தண்ணீரோரம் பதினைந்து சிமெண்ட் முளைகளை நட்டு நம்பர் எழுதினார்கள். இனி பரிசலை அதில்தான் கட்ட வேண்டும் என்றார்கள்.

என் முளை எட்டு. ஏழாவது ஒரு அக்காவுடையது. எனக்கு ரத்த சொந்தம் இல்லை, கரையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். புருஷன் போன பிறகு அவர் பரிசலைத் தானே ஓட்டினாள். வெள்ளிக்கிழமை கறி எடுக்காத விவேக் நகர் கிறிஸ்தவ வீடுகளுக்கு அவள் மீன்தான் போகும். அதில்தான் அவள் குடும்பம் ஓடியது.

போன மழைக்காலத்தில் அக்கா வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆட்டோவில் ஏற்றும்போதுகூட வலியைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, முளைய பாத்துக்கோ" என்றாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வர முடியாமல் போனால், பக்கத்து முளைக்காரர் தன் பரிசலுக்கு இரண்டு கயிறு போடுவார். ஒன்று தன் முளைக்கு, இன்னொன்று வராதவர் முளைக்கு. ஆள் வருவார், இடம் காலி இல்லை என்று அதற்கு அர்த்தம். யாரும் தொடமாட்டார்கள். நானும் ஏழில் ஒரு கயிறு, எட்டில் ஒரு கயிறு என்று கட்டினேன்.

எந்த முளை யாருடையது என்று கணக்கெடுக்க வந்த ஆபீசருக்கு அந்த அர்த்தம் தெரியவில்லை. இரண்டு முளையையும் ஃபோனில் படம் பிடித்தார். இரண்டும் உன்னுடையதா என்று கன்னடத்தில் கேட்டார். பிறந்ததிலிருந்து பேசுகிற கன்னடம்தான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆளைப் பார்த்தால் எனக்கு எந்த பாஷையும் வராது. "கயிறு நம்முது சார், ஆனா..." என்று தொடங்கினேன். அவர் ஒன்பதாவது முளைக்குப் போய்விட்டார். பின்னால் வந்தவர் காகிதத்தை நீட்டி "சைன் மாடி" என்றார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழும் எட்டும் என் பெயரில். அக்கா பெயர் எங்குமே இல்லை. மூன்று முறை ஆபீசுக்குப் போனேன். மூன்று முறையும் கூட்டத்தில் சொல்லுங்கள் என்றார்கள்.

கூட்டம் வார்டு ஆபீசில். முளைக்கு எவ்வளவு கட்டணம், யார் பெயருக்கு மாற்றலாம் என்று எங்களைக் கேட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். போய்ப் பார்த்தால் எல்லாம் முன்பே அச்சடித்து வைத்திருந்தது. எல்லா முளைக்கும் ஒரே கட்டணம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நான் ஒரு முளையில் ஒரு பரிசல் கட்டுகிறேன். உல்லாசப் படகு விடுகிற கான்ட்ராக்டர் ஒரு முளையில் ஆறு பெடல் படகுகளைச் சங்கிலியில் கோத்துக் கட்டுகிறார். அவருக்கும் அதே கட்டணம்! ஆபீசருக்கு வந்த டீ முன்வரிசையில் அவருக்கு மட்டும் வந்தது.

அடுத்த விதி அதைவிட மோசம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளுக்குத்தான் முளையை மாற்றலாம். வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்தால் அது ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் யார் எடுப்பார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அக்கா கைத்தடி ஊன்றி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மனுவோடு எழுந்தேன். ஏழாம் முளை இந்த அக்காவுடையது, தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

"கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் ஆபீசர்.

"ஆமா சார்."

"சரி, அந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து முளை, சார்."

கூட்டம் சிரித்தது. கான்ட்ராக்டர் திரும்பிப் பார்த்து, "இது எந்த ஊரு சொந்தம்ப்பா? ரேஷன் கார்டுல எழுத முடியுமா?" என்றார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஏன்யா, ஒன் பெடல் போட்டு ஆறும் ஒரே முளையில தொங்குதே, அதெல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்களா?"

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ரூல்ஸ் ரூல்ஸ்தாம்மா, பரிசீலனை பண்றோம்" என்று கோப்பை மூடினார். என் மனுவை வாங்கி, டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். அந்த ஈர வட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அக்கா என்னை முறைத்தாள். "கயித்த கட்டுடான்னா, எடத்தையே எழுதி வாங்கினு வந்துட்டே."

"தப்புதான்க்கா."

"தப்பு ஒன்னுது பாதி, அவனுங்களுது பாதி. நாளைக்கு காலையில ஒன் கயித்த அவுத்துடு. வீட்டுல கெடக்குற பரிசலுக்கு தார் பூசியாச்சு, எடுத்துனு வரேன்."

"இந்த இடுப்போடயா?"

"உக்காந்துதானேடா ஓட்டுறது."

"லிஸ்ட்டுல இல்லாத பரிசல கட்டினா ஃபைன் போடுவாங்கக்கா."

"யார் பேர்ல?"

"எம் பேர்லதான்."

"அப்ப எனக்கு இன்னாடா கவலை?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் ஆறரை மணிக்கு அக்கா ஏழாம் முளையில் தன் பரிசலைக் கட்டினாள். ஒன்பது மணிக்கு ஏரிக் காவலாளி வந்து அதை அவிழ்த்துக் கரையில் இழுத்துப் போட்டார். என் பெயருக்கு ஒரு ஃபைன் நோட்டீஸை நீட்டிக் கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை.