சனிக்கிழமைகளில் நின்ற வண்டி

ஸ்ரீரங்கத்தில் பிச்சமுத்துவோடு சண்டை போடாதவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் எல்லாரும் டாக்டர் சௌரிராஜனின் மோட்டார் வண்டியைத் தொட்டுப் பார்க்காதவர்கள். பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யாராவது பேசினால் போதும், அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "கையை எடுங்க. அது என்ன உங்க வீட்டுத் தூணா?" என்பான். எதிரில் நிற்பவர் கோயில் அதிகாரியா குதிரைவண்டிக்காரரா என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

வண்டி என்னவோ டாக்டருடையதுதான். யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. டாக்டர் கைக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. துணிக் கூரை, ஹாண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும் இஞ்சின். பெட்ரோல் டாங்கி இஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுகிறவனின் முழங்காலுக்கு எதிரே உயரத்தில் இருந்தது. பெட்ரோல் தானாகவே குழாய் வழியாக இறங்கி இஞ்சினுக்குப் போகும். டாங்கியின் வட்டமான பித்தளை மூடி வெளியே, முன்கண்ணாடிக்குக் கீழே நட்டநடுவில் பளபளத்துக்கொண்டிருக்கும்.

பிச்சமுத்துவுக்குச் சொந்த ஊர் ஜீயபுரம். வாழைத்தார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், கரூர் ரோட்டு பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, திட்டும் குட்டும் வாங்கி ஸ்பானர் பிடிக்கக் கற்றான். டாக்டர் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது அவன் ஓட்டுகிற அழகுக்காக இல்லை. அவன் வண்டியைப் பேணுகிற அழகுக்காக. வாரம் தவறாமல் பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவான். பழைய ஆயிலை இறக்கி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பான். பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டாமல் ஊற்ற மாட்டான். "என் கையில இருக்கிற வரைக்கும் இது நடுரோட்டில நிக்காது" என்று ஜீயபுரம் காப்பிக் கடையில் பீற்றிக்கொள்வதில் அவனுக்கு ஒரு தனி ருசி.

அந்த வண்டியில் கை வைக்க அவன் விட்ட ஒரே ஆள் டாக்டரின் மனைவி சத்யபாமா. ஆடி மாதத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்து உரசி டாக்டருக்கு நெற்றியில் காயம் பட்டது. அதிலிருந்து அந்த அம்மாளுக்கு மனசு சரியில்லை. புரட்டாசி பிறந்ததும் சனிக்கிழமைதோறும் வண்டிக்குத் திருமண்ணால் நாமம் சாத்துவதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். முதலில் ரேடியேட்டர் மூடியில் சாத்தினாள். ஆவி பட்டுக் கரைந்தது. பானட்டில் சாத்தினாள். சூட்டில் உதிர்ந்தது. கடைசியில் பெட்ரோல் மூடிதான் தோதுப்பட்டது.

"இதுதான்டா வண்டிக்கு நெத்தி" என்றாள். வெள்ளைத் திருமண்ணைக் குழைத்து இரண்டு பக்கமும் இட்டு, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தை இழுத்தாள். வண்டிக்கே ஒரு களை வந்துவிட்டதாகப் பிச்சமுத்துவுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானமே கொள்ளிடத்துக்கு அப்பால் இஞ்சின் இருமி நின்றது. டாங்கியின் அளவைக் காட்டும் சின்னக் கண்ணாடி அவன் எதிரிலேயே இருந்தது. பெட்ரோல் நிறைய இருந்தது. குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினான். ஹாண்டிலைச் சுற்றியதும் ஓடியது. குழாயில் தூசி என்று முடிவு கட்டினான். திங்கட்கிழமை பெட்ரோல் ஊற்றும்போது மூடியில் சிந்தியதைக் கழுவித் துடைத்ததில் திருமண் போயிற்று. அந்த வாரம் முழுக்க வண்டி குதிரையாக ஓடியது.

அடுத்த சனிக்கிழமை ஜீயபுரத்து ராசப்பன் காலை ரயிலில் ஓடி வந்தான். பிச்சமுத்துவோடு ஒரே வாய்க்காலில் குதித்து வளர்ந்தவன். அவன் மனைவி அமிர்தத்துக்குக் குழந்தை பிறந்திருந்தது, உதிரம் நிற்கவில்லை. டாக்டரையும் ராசப்பனையும் ஏற்றிக்கொண்டு பிச்சமுத்து பறந்தான். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் வண்டி நின்றது. ஊதினான், ஓடியது, நின்றது, மறுபடி ஊதினான். ராசப்பன் ரோட்டில் நின்றுகொண்டு அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஜீயபுரம் போய்ச் சேர்ந்தபோது அமிர்தத்தின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் டாக்டர், "உன்னைக் குத்தம் சொல்லலை பிச்சமுத்து. அரை மணி முன்னாடி போயிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருப்பா. அவ்வளவுதான்" என்றார். அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திருச்சி மெயின்கார்டு கேட்டில் பஸ் டிரைவர்கள் அவனை விடவில்லை. "என்ன பிச்சமுத்து, நீங்க வண்டிக்கு நாமம் போட்டா, வண்டி உங்களுக்கு நாமம் போட்டுடுச்சாமே!" என்றான் ஒருவன். பிச்சமுத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். ஜீயபுரத்திலோ அது சனி பிடித்த வண்டி என்று பேசிக்கொண்டார்கள். அங்கே அவனால் யாருடைய சட்டையையும் பிடிக்க முடியவில்லை.

வியாழனும் வெள்ளியும் டாக்டர் குதிரைவண்டியில் நோயாளிகளைப் பார்க்கப் போனார். பிச்சமுத்து வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி இஞ்சினை அக்கக்காகப் பிரித்தான். வால்வுகளை அரைப்புப் பசை தடவித் தேய்த்து உட்கார வைத்தான். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ஊசித் துளைகளில் மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பெட்ரோல் குழாயைக் கொதிநீரில் போட்டான். டாங்கியை வடித்து, துணி சுற்றிய கோலை உள்ளே விட்டுத் துடைத்தான். கழுவிய பித்தளை மூடி கண்ணாடியாக மின்னியது. வெள்ளி சாயங்காலம் சமயபுரம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினான். இஞ்சின் ஒரு தும்மல் போடவில்லை. டாங்கி வழிய வழிய பெட்ரோலை ஊற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனான். சோறு அன்றைக்குத்தான் தொண்டையில் இறங்கியது.

சனிக்கிழமை காலையில் சத்யபாமா ஈரத்தலையோடு வந்து, வழக்கத்தைவிடத் தடிமனாகத் திருமண் சாத்தினாள். அது காய்வதற்குள் பிச்சமுத்துவின் மச்சான் சைக்கிளில் வந்து விழுந்தான். பிச்சமுத்துவின் தங்கை பொன்னுத்தாய்க்கு முந்தின நாளே வலி எடுத்திருந்தது. குழந்தை கால் பக்கமாக வருகிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்று சொல்வதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியது.

தாயில்லாமல் போன பொன்னுத்தாயைத் தலைவாரி வளர்த்தவன் பிச்சமுத்து. மச்சானைச் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லிவிட்டு, டாக்டர் பெட்டியோடு ஏறி உட்கார்ந்ததும் கிளம்பினான். காவிரிப் பாலத்தில் வண்டி ஒழுங்காக ஓடியது. உறையூரைத் தாண்டியது. இஞ்சினின் ஒவ்வொரு அடியையும் காதால் எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். குடமுருட்டிப் பாலம் வந்தது. அதையும் தாண்டிவிட்டது. "ரங்கா" என்று மூச்சு விட்டான். ஒரு கல் தூரம்கூடப் போகவில்லை, இஞ்சின் இருமியது.

ஊதினான். ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி ஊதினான். பெட்ரோல் வாய்க்குள் போய் நாக்கு எரிந்தது. மறுபடி நின்றது.

டாக்டர் கீழே இறங்கினார். அவர் கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு நாள் பிரிச்சுப் போட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்தார். "ஏதாவது கட்டைவண்டி கெடைக்கறதான்னு பாக்கறேன். நீ சரி பண்ணிண்டு வா."

பிச்சமுத்து நடுரோட்டில் தனியாக நின்றான். இரண்டு பக்கமும் வாழை, ஒரு ஈ காக்கை இல்லை. பொன்னுத்தாய் அங்கே கத்திக்கொண்டிருப்பாள். பிளக் சரி, வால்வு சரி, குழாய் சரி. மிச்சம் டாங்கிதான். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. கோலில் சுற்றிய துணியில் ஒரு கிழிசல் உள்ளேயே விழுந்து, போய்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டிருக்குமோ? தன் கையாலேயே தங்கச்சிக்குக் குழி வெட்டிவிட்டோமா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பார்ப்பதற்காக டாங்கி மூடியைத் திருகினான். மூடி வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

பிச்சமுத்து மூடியைப் புரட்டிப் பார்த்தான். மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகவேண்டும். ஒற்றை ஓட்டை போட்ட எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் கொஞ்சம் ஒழுகிவிட்டு நின்றுவிடுமே, அந்தக் கதைதான். துளைக்குள் திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் இறங்கிக் கெட்டித்துப் போயிருந்தது. வெளிப்பக்கம் நாமம் சிரித்துக்கொண்டிருந்தது.

வண்டி நின்ற நாளெல்லாம் சனிக்கிழமை என்று ஊரே சொன்னது. ஏன் சனிக்கிழமை என்று அவன் ஒருவனுக்காவது உறைத்திருக்க வேண்டும். குழாயை ஊதினபோதெல்லாம் அவன் வாய்க்காற்று டாங்கிக்குள் போய்த்தான் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறது. தூசியே கிடையாது. என் தப்பே கிடையாது என்று நினைத்தான். உடனே அமிர்தத்தின் மூடிய முகம் ஞாபகம் வந்து, நெருப்பாகக் கோபம் பொங்கியது. "அடிப்பாவி அம்மா!" என்று சத்யபாமாவை நினைத்து வாழைத் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

கார்புரேட்டர் குத்தும் கம்பியை எடுத்து, சிவப்புக் கோட்டின் நடுவில் ஒரு குத்து குத்தினான். மூடியைப் போட்டு ஹாண்டிலைச் சுற்றினான். பாதி வழியில் நடந்துகொண்டிருந்த டாக்டரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் ஜீயபுரம் போய்ச் சேர்ந்தான்.

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிச்சமுத்து தெருவில் வண்டியோரம் நின்றான். உள்ளேயிருந்து தங்கையின் அலறல் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வேப்பமரத்தடியில் ராசப்பன் உட்கார்ந்திருந்தான். தாடி மண்டிப் போயிருந்தது. மெதுவாக எழுந்து வந்தான்.

"உன் தங்கச்சின்னதும் வண்டி வந்து சேந்துடுச்சு பாத்தியா" என்றான்.

"ராசப்பா, அன்னிக்கு நின்னது என் தப்பில்லடா."

"அப்ப யாரு தப்பு?"

பிச்சமுத்துவின் வாயில் பதில் துடித்தது. ஆனால் உள்ளே தங்கையின் உயிர் டாக்டர் கையில் இருக்கிறது, அவர் மனைவியைப் பற்றி இங்கே எப்படிச் சொல்வது. "சொல்றேன். இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அய்யாகிட்ட மொதல்ல சொல்லிட்டு, வந்து உங்கிட்ட சொல்றேன்" என்றான்.

"வந்து சொல்லு. எனக்குத் தெரியணும்" என்றான் ராசப்பன்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பொன்னுத்தாய் பிழைத்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். அவன் வெளியே வந்து வண்டிக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

வரும் வழியில் டாக்டருக்கு நல்ல உற்சாகம். "அது சரி, அப்படி என்னதான்டா அடைப்பு?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேங்க." வழி நெடுக அதற்குத்தான் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தான். சும்மா விடப்போவதில்லை. தன் பேர் கெட்டது, ஊரில் தலை காட்ட முடியாமல் போனது, எல்லாவற்றையும் கேட்டுவிடத்தான் போகிறான்.

சத்யபாமா வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செய்தியைக் கேட்டதும் வண்டிக்கு முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"பெருமாள் காப்பாத்திட்டார் பிச்சமுத்து. காலம்பர நன்னா தடிமனா சாத்தினேனோல்லியோ" என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அந்த அமிர்தத்துக்குப் போறச்சேயும் சாத்தித்தான் அனுப்பிச்சேன். அவ பேரைச் சொல்லித்தான் சாத்தினேன். எங்கேயோ என் பக்தியிலதான் ஏதோ கொறை. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுண்டிருக்கேன்டா."

டாக்டர் திரும்பி, "சொல்றேன்னியே, என்ன அடைப்பு?" என்றார்.

பிச்சமுத்து அந்த அம்மாளைப் பார்த்தான். சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அவன்மேல் அவனுக்கே எரிச்சலாக வந்தது.

"டாங்கி தொடச்ச துணியில ஒரு கிழிசல் உள்ள விழுந்து கெடந்துதுங்க. நான்தான் கவனிக்கல" என்றான்.

"போன வாரமும் அதுதானா?"

"போன வாரம் குழாயில அழுக்குங்க. அதுவும் என் கவனக்குறைவுதான்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் பிச்சமுத்து மூடியைத் திருச்சி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், விளிம்புக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் வேறொரு துளை போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை சத்யபாமா திருமண் சாத்தும்போது அவனே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்த வண்டி எந்த வழியிலும் நிற்கவில்லை.

தங்கை பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று ஜீயபுரம் போனான். ராசப்பன் வந்து எதிரில் நின்றான். "சொல்றேன்னியே" என்றான்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல ராசப்பா. குழாயில அழுக்கு. நான் சரியாப் பாக்கல."

ராசப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பிச்சமுத்து அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வண்டியை ஓட்டினான், ஜீயபுரத்துக்கும் அடிக்கடி போய்வந்தான். ராசப்பன் கடைசிவரை அவனோடு பேசவில்லை.