மைத்துனன் சொல்ல வந்தது

என் மனைவியின் தம்பிக்குப் பேச்சு திக்கும். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். பதினோரு வருஷமாக ஒரே வீடு, ஒரே மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவன்; வருகிறவர்களிடம் வாயடிப்பது நான்.

அவன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் மீதியை நானே முடித்துவிடுவேன். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். இப்படியோர் அத்தான் யாருக்குக் கிடைப்பான் என்று தலைக்கனம் வேறு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் "ப... ப..." என்றான். "பசிக்குதா? உக்காரு" என்று தட்டு நிறையப் பரிமாறினேன். இல்லை என்று சொல்ல இன்னொரு முறை திக்க வேண்டுமே, பேசாமல் தின்றான். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் பல்வலி என்று தெரிந்தது. பல் டாக்டரிடமும் நான்தான் விளக்கினேன், வலிக்காத பல்லைக் காட்டி.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போனது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இதுவும் கைநழுவினால் அவ்வளவுதான் என்று என் மனைவிக்குப் பயம். "அவ வந்தா தயவுசெஞ்சு வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

ஒரு மதியம் அந்தப் பெண் கடைக்கே வந்தாள். "என்னைக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா?" என்று அவனிடம் நேராகக் கேட்டாள். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். உதடு துடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்கு ரொம்ப இஷ்டம்மா."

"நான் உங்களக் கேக்கலண்ணா."

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் ஆயுசில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. அவள் அவசரமே இல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இ... இஷ்டம்தான். ஆனா த... தனி வீடு பாக்கணும். அத்தான் ரொம்ப ந... நல்லவர். அவர் பக்கத்துல இருந்தா என்னால ப... பேசவே முடியல."

இத்தனை வருஷத்தில் அவன் முழுதாகச் சொல்லி நான் கேட்ட முதல் பேச்சு. வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்பாவது கேட்கலாம் என்று "நான்... நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தபடி காத்திருந்தான். ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.