ஆறாம் கட்டையில் பூத்த திருநீறு

தை மாதக் கடைசி வியாழக்கிழமை பகல் பதுளை ரயில் நிலையத்தில் இறங்கினேன். இருப்புப்பாதை அங்கே முடிந்துவிடுகிறது. மணப்பாறையில் புறப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, பொல்காவலையில் வண்டி மாறி வந்ததில் உடம்பெல்லாம் கரிப்புகை. அப்புத்தளையில் வண்டி நின்றபோது சன்னலுக்கு வெளியே மலையும் இல்லை, வானமும் இல்லை. எங்கும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு ஆள் "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று கூவிக்கொண்டு போனான். கூடவே ஒரு கை மட்டும் சன்னலுக்குள் நீண்டது. மூன்று சதம் கொடுத்துக் குடித்தேன். கையின் சொந்தக்காரரைக் கடைசி வரை நான் பார்க்கவில்லை.

நான் பயணம் போகிறவன் அல்ல. மணப்பாறை ரயில் நிலையத்தில் தந்தி அறைக்கு உதவி ஆளாக இருக்கிறேன். தந்திக்கு மின்சாரம் தரும் பாட்டரி ஜாடிகளைத் துடைத்து, விளிம்பில் பூக்கும் உப்பைச் சுரண்டி, தண்ணீர் குறைந்தால் ஊற்றி வைப்பது என் வேலை. ஜாடிகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஏற்ற வேலைதான்.

என் அக்கா செல்லாயி பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று எங்கள் ஊருக்கு ஆள் கட்ட, அதாவது தோட்டத்துக்குக் கூலியாள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர் சொன்னார். கொழும்பிலிருந்து கண் டாக்டர் ஒருவர் தை மாதக் கடைசி வெள்ளியன்று பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவாராம். காலை பத்து மணி வரை வருகிறவர்களைத்தான் பார்ப்பார். அன்றே சிகிச்சையை முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார். அடுத்த முறை எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வியாழன் மலையேறி அக்காவைப் பார்ப்பது, வெள்ளி காலை அவளை இறக்கிக் கொண்டுவருவது என்று திட்டம்.

கடைத்தெருவில் வாடகை மோட்டார் ஒன்று பசறைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் பெயர் மாணிக்கம், முப்பது வயதிருக்கும். நெற்றியில் காலணா அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"பசறைன்னா ஒரு ரூவா, தோட்டம் வரைக்கும்னா ஒண்ணரை. ஐயா இந்தியாவா?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"எங்க தாத்தா மாதிரியே பேசுறீங்க. அவரும் இப்படித்தான், பாதியை வாய்க்குள்ளயே வச்சுக்குவாரு."

பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் பசறையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். மாணிக்கம் பொத்தானை மிதித்தான். காலால் அழுத்திக் கிளப்பும் பொத்தான் அது; எஞ்சின் உடனே எழவில்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் முனகுவதுபோல் நீளமாக முனகி, பிறகுதான் பிடித்தது. ஹாரனை அழுத்தினான்; அது கத்தத் தொடங்கி, மெலிந்து இழுத்து ஓய்ந்தது.

"ஆடாத் தொடங்கிப் பூனையா முடியுதேடா மாணிக்கம்" என்றார் நானா.

"குளிருங்க நானா. வண்டிக்கும் தொண்டை கட்டும்."

பதுளையிலிருந்து பசறை பதினோரு மைல். இங்கே மைல் கல்லைக் கட்டை என்கிறார்கள். மூன்றாம் கட்டை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. மணி மூன்றுதான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வளைவுகளில் வண்டி வேகம் குறையும்போதெல்லாம் விளக்கு மஞ்சளாக வாடியது. வேகம் கூடினால் மறுபடி வெளுத்தது. வண்டியே மூச்சு விடுவதுபோல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மற்ற யாரும் பார்க்கவில்லை. பனி கூடுவதும் குறைவதுமாக இருக்கும் இடத்தில் விளக்கு மங்குவது யார் கண்ணில் படும்?

பாதையின் உச்சி ஆறாம் கட்டை. அங்கே சாலையோரம் எண்ணெய் பூசிய கருங்கல் ஒன்று நிற்கிறது. முனி என்றார்கள். மாணிக்கம் வண்டியைக் கல்லுக்கு நேராகத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். எஞ்சின் ஓடும்போது முனிக்கு முன்னால் நிற்பது மரியாதை இல்லையாம். விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. கற்பூரம் எரிந்து முடியும்வரை விளக்கு முனியின் முகத்தில் விழ வேண்டும். அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் எல்லோருக்கும் இதுவே வழக்கம்.

எஞ்சின் நின்றதும் அப்படியொரு அமைதி. பனி இலைகளிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லின் மேல் விழுந்த வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, கங்கு அளவுக்குச் சுருங்கியது. கல் பின்னால் நகர்ந்து பனிக்குள் போவதுபோல் இருந்தது. நானா ஏதோ ஓதிக்கொண்டார்.

"கண்ணை மூடுறாரு. கற்பூரம் அணையிறதுக்குள்ள மூடிருவாரு" என்று மெல்லச் சொன்னான் மாணிக்கம். "முன்னெல்லாம் இப்படி இல்லீங்க. ரெண்டு மாசமாத்தான்."

பிறகு முன் சீட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில் மரப்பெட்டிக்குள் பாட்டரி. அதன் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வெள்ளைப் பொடி, அரிசிமாவைக் கொட்டினதுபோல் பொங்கி நின்றது. ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரிப் புளித்த வாடை.

"யாரும் போடாமலே பூக்குது ஐயா. முனி திருநீறு." ஒரு துளி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். வைத்தபோது முகம் லேசாகச் சுளித்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். என் ஜாடிகளில் வாரத்துக்கு ஒரு முறை சுரண்டுகிற உப்பின் உறவுக்காரன்தான். அது கம்பியைப் பிடித்துவிட்டால் மின்சாரம் போகவும் முடியாது, வரவும் முடியாது. ஆனால் வந்த இடத்தில், கை கூப்பி நிற்கிறவனிடம், உன் திருநீற்றைத் துடை என்று எப்படிச் சொல்வது? போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி மூன்றாம் முனகலில் எழுந்தது.

தோட்டத்தில், லயம் என்கிற கூலிவரிசை வீட்டில் அக்காவின் அறை எட்டடிக்குப் பத்தடி. நான் வாசலில் நின்றபோது என் முகத்துக்குச் சற்று இடப்பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"பனி விலகலையேன்னுதான் நெனச்சேன் தம்பி. ஒரு வருசமாப் பனியத் திட்டிக்கிட்டே மலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன். பக்கத்து நெரையில பறிக்கிறவதான் சொன்னா, ஏன்டி செல்லாயி, இன்னிக்குப் பனியே இல்லையேடின்னு."

முற்றின இலையையும் சேர்த்துப் பறிக்கிறாள் என்று கங்காணி அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி போட ஆரம்பித்திருந்தார். கண் போனால் வேலைப் பதிவிலிருந்து பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால் அந்த அறையும் போகும். இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

பேசி வைத்தபடி வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாணிக்கம் வந்தான். பொத்தானை மிதிக்காமல், சரிவில் உருட்டித்தான் வண்டியைக் கிளப்பினான். "சோம்பேறியாயிடுச்சு" என்று சிரித்தான். வழியெல்லாம் விளக்கு எரிந்தது. ஐந்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. ஆறாம் கட்டை நெருங்கியபோது நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "இன்னைக்கு நிக்காமப் போயிடலாமே" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நிக்காமப் போறதாங்க? அக்காவுக்குக் கண்ணு வேணுங்கிற நாள்லயா?" என்று சொல்லி எஞ்சினை நிறுத்தி, இறங்கிக் கற்பூரம் ஏற்றினான்.

விளக்கு மங்கவில்லை. ஒரேயடியாகப் போய்விட்டது. கல் எங்கே, சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. கற்பூரச் சுடர் மட்டும் அந்தரத்தில் நின்றது.

அந்தச் சுடர் வெளிச்சத்தில் மாணிக்கம் சீட்டைத் தூக்கி ஒரு சிட்டிகை பொடியை எடுத்து அக்காவிடம் வந்தான். "கண்ணத் தொறங்க அக்கா. முனி திருநீறு. உள்ள ஒரு துளி வச்சா டாக்டரே வேணாம்."

அக்கா முகத்தை உயர்த்திக் கண்களை அகலத் திறந்தாள்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொருவர் கையை அப்படிப் பிடித்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"விடுங்க ஐயா. சாமி விசயம்."

"தம்பி, உங்க நெத்திப் புண்ணு எத்தனை நாளா ஆறாம இருக்கு?"

அவன் மற்றக் கையால் நெற்றியைத் தொட்டான். "ரெண்டு மாசமா."

"விளக்கு எத்தனை நாளா மங்குது?"

கற்பூரம் அணைந்துவிட்டது. இருட்டில் அவன் கை என் பிடியில் தளர்ந்தது. பொடி உதிர்ந்ததை விரலில் உணர்ந்தேன், உணர்ந்த இடம் எரிந்தது.

"எம் புள்ள மாதிரி நீ. தெரியாமத்தானே குடுத்த" என்றாள் அக்கா அவனிடம். என்னிடம், "மணி என்ன ஆகுது பாரு" என்றாள்.

ஆறாகியிருந்தது. விடியத் தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் சாம்பல் நிறம்தான் வந்தது. அக்காவின் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்புக் கத்தியால் குமிழ்களைச் சுரண்டினேன், ஈரத்துணியால் துடைத்துக் கம்பியை முறுக்கினேன். மாணிக்கம் பொத்தானை மிதித்தான். டிக் என்ற ஒரு சத்தம் மட்டும். முன்னால் போய், எஞ்சினைக் கையால் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். எஞ்சினில் பொறி விழுவதற்கும் அந்தப் பாட்டரிதான் உயிர் கொடுக்க வேண்டும், அதில் உயிர் இல்லை.

நல்ல வேளையாக அங்கிருந்து பதுளை வரை இறக்கம். இருவரும் தள்ளிவிட்டு ஓடி ஏறினோம். வண்டி உருளத் தொடங்கியது. விளக்கு இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. சக்கரம் ஈர மண்ணில் ஓடுகிற சலசலப்பு மட்டும்.

"பெரட்டுக்குப் போற நேரம். ரோட்டுல ஆளுங்க நடப்பாங்க. தெரியாம ஏத்திருவேனே" என்றான் மாணிக்கம். பெரட்டு என்பது காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம்.

அக்கா தன் பைக்குள் துழாவிப் பித்தளைச் செம்பை எடுத்தாள். பாக்குவெட்டியால் அதைத் தட்ட ஆரம்பித்தாள். டங், டங், டங். பனிக்குள்ளிருந்து உருவங்கள் எழுந்து ஓரம் ஒதுங்கின. ஒருத்திக்கும் முகம் இல்லை. ஒருத்தி முதுகுக் கூடையை முன்னால் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. எங்கள் வண்டி உயிருள்ளவர்களின் வண்டிதானா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

நாலாம் கட்டைக்குக் கீழே வண்டி நல்ல வேகமெடுத்தபோது மாணிக்கம் கியரில் கோத்தான்; அந்த வேகத்தில் டைனமோ சுழன்றால் பொறிக்கு அதுவே மின்சாரம் தரும். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். "ஓடட்டும், நிறுத்த மாட்டேன்" என்று சொல்லி எஞ்சினை உறுமவிட்டபடியே மாணிக்கம் பாட்டரிக்குச் சார்ஜ் போடும் கடையைத் தேடிப் போனான்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இடது கண்ணுக்கு இரண்டு வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வலது கண்ணின் புரையை அன்றே எடுத்தார். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுப் போட்டு, அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

பதுளையில் தங்கியிருந்த நாட்களில் எனக்கு வேலை இல்லை. ஒரு மாலை புடவைக்கடை நானா உறவினர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, "கேட்டீங்களா தம்பி" என்று குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை விடியக்குள்ள பசறை ரோட்டுல ஒரு கார் போயிருக்கு. சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. உள்ளுக்கு ஒரு பொம்பள பித்தளையத் தட்டிக்கிட்டே போறாளாம்."

கட்டுக்கு அடியில், சிரிப்பை அடக்கியதில் அக்காவின் வாய் துடித்தது. "அவ எப்படி இருந்தாளாம் நானா?"

"பாத்தவங்க ரெண்டு பேர் சொன்னாங்க. கண்ணு ரெண்டையும் வெள்ளத் துணியால கட்டியிருந்தாளாம்."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலை அவள் கண்ணில் எந்தக் கட்டும் இல்லை. கட்டுப் போட்டது அதற்கு நாலு மணி நேரம் கழித்து.

கட்டுப் பிரித்துக் கண்ணாடி கொடுத்த பின் மாணிக்கமே எங்களை மலைக்கு ஏற்றிப் போனான். பாட்டரி புதிது, பொத்தானைத் தொட்டதும் எஞ்சின் குதித்தது. அவன் நெற்றி ஆறிக்கொண்டிருந்தது. ஆறாம் கட்டையில் நின்றான். இந்த முறை விளக்கை அணைத்தான், எஞ்சினை நிறுத்தவில்லை. "மன்னிச்சுக்குவாரு, வேற வழியில்லைன்னு அவருக்கும் தெரியும்" என்று எங்களிடம் சொல்வதுபோல் கல்லிடம் சொன்னான்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "தம்பி, கல்லு தெரியலையே. பனியா, என் கண்ணா?"

நான் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. "பனிதான் அக்கா."

"நெசமாச் சொல்றியா?"

"நெசமாத்தான்."

"அப்பச் சரி" என்றாள்.

அவள் பேரை வெட்டவில்லை. கொழுந்து மலைக்குப் பதிலாகப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். என்னோடு ஊருக்கு வரச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மோட்டார் அமர்த்தும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். கிளப்பும்போது எஞ்சின் முனகுகிறதா, வேகம் குறைந்தால் விளக்கு வாடுகிறதா, குமிழில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா. இருந்தால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இப்போது மறுபடி என் ஜாடிகளோடு இருக்கிறேன். எங்கள் ஊரில் பனி மூடுவதில்லை. வெயில் அடித்தால் பொட்டல் முழுதும் கடைசிக் கருவேலம் வரை தெரியும். இங்கே ஏதாவது மங்கினால் பழி சொல்ல வேறொன்றும் கிடையாது. மாலையில் தந்தி அறையில் விளக்கேற்றியதும் தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள வேப்பமரத்தை ஒரு முறை உற்றுப் பார்க்கிறேன். முதலில் இடது கண்ணை மூடி, பிறகு வலது கண்ணை மூடி.