தேவி அஸ்காருக்குப் போனாள்

பினாங்குக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குப் போனேன். முதலாளி ரஹீம் அண்ணனைக் காணவில்லை. கல்லாவில் இருந்த அவர் மனைவி, “அவரு அஸ்கார் போயிருக்காரு லா” என்றார். எங்கள் வேலூர்ப் பக்கம் அஸ்கா என்றால் வெள்ளைச் சர்க்கரை. “வாங்கிட்டு வர நேரமாகுமா அக்கா?” என்று கேட்டேன். கடையே சிரித்தது. அஸ்கார் என்றால் மலாயில் சிப்பாயாம். வாரமெல்லாம் சோறு போடுகிறவர், வார இறுதியில் சேமப்படை என்ற பகுதிநேரப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடிக்கிறார்!

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த பட்டாளத்துக்காரர்கள் இரும்புப் பெட்டியோடு ரயிலேறினால் அடுத்த ஆண்டுதான் ஊர் திரும்புவார்கள். அந்தப் பட்டாளத்தில் சேரப்போய், மார்பளவு போதாமல் திரும்பியவன் நான். பிறகு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையில் தொழிற்சாலை வேலை, டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்த தேவியோடு கல்யாணம் என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

போன வருடம் தெருவிழா ஒன்றில், பழைய சினிமாக் கொட்டகை விளம்பரங்களைச் சுவரில் திரையிட்டார்கள். அதில் சேமப்படைக்கு ஆள் சேர்க்கும் கார்ட்டூன் ஒன்று. தொந்தி வைத்த குமாஸ்தா குடையைத் தூக்கிப்போட்டுவிட்டு, அளவில்லாத பூட்ஸில் தடுக்கித் தடுக்கி அணிவகுக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் தொந்தி கரைகிறது, கடைசியில் நெஞ்சு நிமிர்ந்து, “நீங்களும் வாங்க!” என்று தமிழில் கூப்பிடுகிறார். கூட்டம் விசிலடித்தது. விழுந்து விழுந்து சிரித்த தேவி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“நான் சேரப் போறேன் லா.”

“விளையாடுறியா? சண்டை வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம். வெள்ளம் வந்தாலும் அவங்கதானே இறங்குறாங்க.”

“அப்ப நானும் வர்றேன்!”

“உங்க பாஸ்போர்ட்டு வேறங்க” என்றாள் மெதுவாக.

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் விடிந்ததும் அவளுக்கு முன்பே நான்தான் ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு நின்றேன். தினமும் சேர்ந்து ஓடினோம். அவள் தேர்வான செய்தி வந்தபோது தொழிற்சாலை என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

பயிற்சி நிறைவு அணிவகுப்பில், பச்சைச் சீருடையில் தேவி கடந்துபோனாள். நாட்டுப்பண் ஒலித்ததும் எல்லோரோடும் எழுந்து நின்றேன். வரிகளுக்கு வாயசைக்க மட்டும் தெரிந்தது. அது முடிந்ததும் பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா சிநேகமாக, “ஓராங் மானா?” என்றார். எந்த ஊர் ஆள் என்று கேட்கிறார். என் வாய் “இந்தியா” என்றது. கை, மூன்றாவது வரிசையில் விறைத்து நின்ற தேவியைச் சுட்டிக்கொண்டிருந்தது.