ஜெயராஜ் வாசிக்காத பாட்டு

ஒரு திங்கட்கிழமை ஜெயராஜ் எனக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கிழம கிள்ளான் ஷோதான்லா எனக்குக் கடைசி. அதோட நிறுத்திக்கிறேன்," என்றான். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல," என்று வைத்துவிட்டான். பத்தொன்பது வருடம் என் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன் விலகுவதற்கு இதெல்லாம் ஒரு காரணமா? எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அன்று சோறுகூட இறங்கவில்லை.

முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேறு ஆளும் கிடையாது. பேஸ் வாசிப்பவனைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

ஜெயராஜ் பந்திங்கில் பிறந்தவன். அவன் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். படிப்பு முடிந்ததும் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தான். இன்றும் அதே வேலைதான். அப்போது பிரிக்பீல்ட்ஸில் நானும் அவனும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான், பாடுகிற ரிஷி, கிட்டார் வாசிக்கிற கிஷன் மூவரும் சேர்ந்து 'மூன்றாவது மாடி' என்று ராக் குழு ஆரம்பித்தபோது அவனும் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கிஷன் இருக்கும்போது இன்னொரு கிட்டார் எதற்கு என்று ரிஷி முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"சரி, எது இல்லையோ அத நான் வாசிக்கிறேன்," என்றான் ஜெயராஜ்.

இல்லாதது பேஸ், அடியில் கனமாக அதிர்கிற கிட்டார். அவன் தலையெழுத்து அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

பாவம், மேடையில் அவனை யாருக்கும் தெரியாது. கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளர் எங்களை அறிமுகப்படுத்துவார். "பாடகர் ரிஷி, கிட்டார் கிஷன், டிரம்ஸ் விஜயன், மற்றும் நண்பர்." அந்த 'மற்றும் நண்பர்' ஜெயராஜ்தான். கேலி செய்து செய்து அதுவே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. "மற்றும் நண்பர் வந்தாச்சா?" என்போம். அவனும் சிரிப்பான்.

அவன் வாசிப்பை முதலில் கவனித்தது புனிதாதான். அதுவும் புகார் சொல்ல வந்தவள். செராஸில் ஒரு கல்யாண விருந்து. பாதி நிகழ்ச்சியில் விறுவிறுவென்று மேடை ஓரமாக வந்து, "அண்ணே, யாரு அந்தத் தடி கிட்டாரு? எங்க மேசைல கிளாஸெல்லாம் ஆடுது," என்றாள். ஜெயராஜ் கையைத் தூக்கினான். மறு வருடம் அவளுக்கே தாலி கட்டினான். எங்கள் குழுவில் ரசிகையைக் கல்யாணம் செய்துகொண்டவன் அவன் ஒருவன்தான். ரிஷிக்கு இன்றுவரை அது பொறுக்கவில்லை.

இப்படி இருந்த எங்களுக்கு இந்த வருடம்தான் ஒரு பாட்டு ஓடியது. 'நாலு மணி ஜாம்'. ஹைவேயில் மாட்டிக்கொண்டவன் புலம்புகிற பாட்டு. யூடியூப்பில் போட்ட மூன்றே வாரத்தில் டாக்சிக்காரர்கூட முணுமுணுத்தார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் இவன் விலகுகிறேன் என்றான்.

கிள்ளானில் தீபாவளிச் சந்தை மேடை, மாலை ஐந்து மணி. எப்போதும் எல்லாருடைய வாத்தியப் பெட்டியும் என் வேனில்தான் போகும், வரும். அன்று ஜெயராஜ் தன் மச்சானின் வேனை எடுத்து வந்திருந்தான். ஷோ முடிந்ததும் தன் பேஸ் பெட்டியை அதில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது 'நாலு மணி ஜாம்'. ஆரம்பித்ததும் கூட்டம் கத்தியது, முன்னால் நின்றவர்கள் ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தளர்ந்தது. என் அடி எனக்கே பால் டின்னைத் தட்டுகிற மாதிரி கேட்டது. கிஷன் தனியாக எங்கோ வாசித்துக்கொண்டிருந்தான். ஒலி பார்க்கிறவர் கீழேயிருந்து உதட்டைப் பிதுக்கினார். திரும்பிப் பார்த்தேன். ஜெயராஜ் கையைக் கம்பி மேல் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான்.

"ஏன்லா வாசிக்கல?" என்று அடித்துக்கொண்டே கேட்டேன்.

அவன் கிட்டே வந்து குனிந்தான். "ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படித்தான் வாசிக்கிறேன். அதுல நான் இல்ல, விஜயா."

எனக்குக் கை நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். ஸ்டூடியோக்காரர் கிட்டாரைச் சரிபார்க்க பேஸை மட்டும் அணைத்தவர் திரும்பப் போட மறந்துவிட்டார். அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். நான் நெரிசலில் காருக்குள் உட்கார்ந்து கைப்பேசி ஸ்பீக்கரில் அரைகுறையாகக் கேட்டு, சரி என்று கட்டைவிரல் படத்தைப் போட்டேன். ரிஷியும் கிஷனும் கேட்டார்களோ என்னவோ, அவர்களும் போட்டார்கள். ஜெயராஜ் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். அவன் வீட்டுக்கு வந்து கேட்பதற்குள் ரிஷி பாட்டை யூடியூப்பில் ஏற்றிவிட்டான்.

"மூணு வாரம் காத்திருந்தேன்," என்றான் ஜெயராஜ். "அவனுங்கள விடு. நீ கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய டிரம்மை மிதிக்கிற என் வலது காலும் கம்பி மேல் அவன் விரலும் பத்தொன்பது வருடம் சேர்ந்தே விழுந்தவை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். பாட்டு அரைகுறையாக நிற்க, ரிஷியின் மைக்கைப் பிடுங்கினேன்.

"மன்னிக்கணும். நீங்க இத்தன நாளா கேட்ட பாட்டுல ஒருத்தர விட்டுட்டோம். கேட்டுப் பாக்காமலே ஏத்திட்டோம், தப்பு எங்களோடது. பேஸ் கிட்டார், பந்திங் ஜெயராஜ். இப்ப அவர் ஆரம்பிப்பாரு."

ஜெயராஜ் என்னை முறைத்தான். பிறகு கீழே பார்த்தான். புனிதா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். 'ஆரம்பிங்க' என்பது போல் தலையாட்டினாள்.

அவன் தனியாக எட்டு சுற்று வாசித்தான். ஒன்பதாவதில் நான் சேர்ந்தேன். மேடைப் பலகை காலடியில் அதிர்ந்தது. கடைக்குள் முறுக்கு நிறுத்துக்கொண்டிருந்த ஆன்டிகூட வெளியே வந்து ஆடினார். அந்தப் பாட்டை அன்றுதான் நானே முதல் தடவை முழுசாகக் கேட்டேன்.

ஷோ முடிந்ததும் நான் அவன் பெட்டியைத் தொடவில்லை. தொட எனக்கு என்ன உரிமை? அவனே கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"போறியா?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் பிடி. இடுப்பு வலிக்குது."

பிடித்தேன். அவன் மச்சானின் வேனைத் தாண்டி நேராக என் வேனுக்கு நடந்தான். நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

மறுநாள் ஸ்டூடியோக்காரர் பேஸோடு சரிசெய்த பாட்டைக் குழுவுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் ரிஷியின் கட்டைவிரல் விழுந்தது. பாட்டு நான்கு நிமிடம். உடனே ஜெயராஜிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"நீயாவது கேட்டுட்டுப் போடு."

வேனுக்குள் போய், கதவைச் சாத்தி, இயர்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். பிறகுதான் கட்டைவிரலைப் போட்டேன்.